குட்டையை மூடுவதற்கு முன்

அந்தனனரிவோ
12 நவம்பர் 1995

அன்புள்ள மனன்சாரா,

உலகத்தில் வேறு எங்கும் இல்லாத தவளை ஏன் நம் வீட்டுக் குட்டையில் வந்து உட்கார்ந்திருக்கிறது என்று கேட்டிருக்கிறாய். நீ எரிச்சலில்தான் கேட்டாய். நான் அதை இரண்டு நாள் யோசித்தேன். எனக்குத் தெரியவில்லை. மழையும் சதுப்பும் நம் தீவின் கிழக்குக் கரை நெடுக இருக்கின்றன. அங்கெல்லாம் செந்தவளை இல்லை. நம் வளைகுடாவைச் சுற்றியுள்ள கொஞ்ச நிலத்தில் மட்டும் இருக்கிறது. அதிலும் பக்கத்திலேயே அவ்வளவு பெரிய காடு இருக்க, மரோவன்செத்ராவின் சாக்கடையிலும் வாழைக்கொல்லையிலும் கழுவுநீர்க் குழியிலும் குடித்தனம் நடத்துகிறது. இருபது வருடமாக விலங்கியல் கற்பிக்கிறேன். என் துறை வண்டு. அது ஒரு சாக்குத்தான். தவளையே என் துறையாக இருந்திருந்தாலும் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியிருக்க மாட்டேன்.

குட்டையை மூட வருவாயா என்ற உன் இன்னொரு கேள்விக்குப் பதில் இருக்கிறது. வர மாட்டேன்.

அப்பா வீட்டுக்குக் கம்பம் நட்ட அன்று, தோண்டிய குழியிலெல்லாம் ஒரு செந்தவளை கிளம்பி வந்ததும், "மேடு எங்களுக்கு, தண்ணி உனக்கு. என் பிள்ளைங்க உன்னை அடிக்கவும் மாட்டாங்க, மண்ணு போட்டு மூடவும் மாட்டாங்க" என்று சொல்லி அவர் சாராயம் ஊற்றியதும் நமக்கெல்லாம் தெரியும். அந்த விலக்கை எடுக்க அப்பாவின் மூத்த பிள்ளையான நான் சாராயக் கிண்ணத்தைப் பிடித்து, இறந்துபோனவர்களிடம் பேச வேண்டும் என்று, ஊரில் சடங்கு நடத்தும் கோல்காரர் பெசாரா சொல்வதாக எழுதியிருக்கிறாய். போனவர்கள் கேட்கிறார்கள் என்று நான் நம்பவில்லை. நம்பாத ஒருத்தி அவர்களைக் கூப்பிட்டுப் பேசுவது, ஆளில்லாத வீட்டுக் கதவைத் தட்டிவிட்டு உள்ளே யாரோ அனுமதி கொடுத்ததாகச் சொல்வது போல. அதை நான் செய்யக் கூடாது.

உன் மகள் நோரோவுக்கு இந்த வருடத்தில் மூன்றாவது காய்ச்சல் என்று எழுதியதை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தேன். கொசுவலை இரண்டு அனுப்பியிருக்கிறேன். குட்டையைக் குறை சொல்லும் முன், வீட்டுக்குப் பின்னால் நீ போட்டு வைத்திருக்கும் கிராம்பெண்ணெய்ப் பீப்பாய்களில் மழைநீர் நிற்கிறதா என்று பார்.

அக்கா,
வோலமேனா

—

மரோவன்செத்ரா
3 டிசம்பர்

அக்கா,

வலை வந்தது. நன்றி. பீப்பாயைப் பற்றிய உபதேசமும் வந்தது. அதற்கும் நன்றி.

உன் கடிதத்தைப் பெசாரா கிழவருக்குப் படித்துக் காட்டினேன். பாதியில் நிறுத்தச் சொன்னார்.

"நம்பலைன்னு சொல்றாளா, பயமா இருக்குன்னு சொல்றாளா?"

"நம்பலைன்னு."

"நம்பாதவளுக்குப் பேச என்ன கஷ்டம்? காத்துல பேசிட்டுப் போறா. நம்பறவன்தான்டா யோசிக்கணும்."

நானும் அதைத்தான் கேட்கிறேன். உனக்கு அங்கே யாரும் இல்லை என்றால் உனக்கு நஷ்டமும் இல்லை. எனக்கு அங்கே எல்லோரும் இருக்கிறார்கள். விலக்கு இருக்கும்போது ஒரு கூடை மண்கூட என்னால் போட முடியாது. அப்பாவின் எலும்பைக் கல்லறையிலிருந்து எடுத்துப் புதுத்துணி சுற்றிய அன்றும் நீ இப்படித்தான் ஒரு கடிதம் அனுப்பினாய். தேர்வு நடக்கிறது என்று எழுதியிருந்தாய். எலும்பைத் தூக்கிக்கொண்டு நான் எல்லோருக்கும் உன் தேர்வைப் பற்றிப் பதில் சொன்னேன்.

வெளிநாட்டிலிருந்து முழங்கால் வரை பூட்ஸ் போட்டுக்கொண்டு வருகிறார்கள். நம் சாக்கடையில் குனிந்து படம் எடுக்கிறார்கள். ஒரு வெள்ளைக்காரி போன வருடம் நம் வேலியோரம் உட்கார்ந்து அழுதாள், அவ்வளவு அழகாம். இவற்றின் நடுவிலேயே பிறந்த நீ வண்டு பார்க்கிறாய். அதனால் உன்னிடம் தவளைக்காகப் பரிந்து பேசும் கடிதத்தை நான் எதிர்பார்க்கவில்லை.

நோரோவுக்கு இங்கிருக்கும் மருத்துவர் சொன்னது ஒன்றுதான். வீட்டைச் சுற்றித் தண்ணீர் நிற்கக் கூடாது.

சரி, நீ வராவிட்டால் போ. வேறு வழி பார்த்திருக்கிறேன். விலக்கு அப்பாவின் பிள்ளைகளுக்கு. மர்செலின் அப்பாவின் பிள்ளையா? என் மனைவி, அவருக்கு மருமகள். அவளுடைய ஊரில் இப்படி ஒரு விலக்கே கிடையாது. நேற்றும் இன்றும் அவள் வாளியில் தவளைகளை அள்ளி ஓடத்தில் ஏற்றி, ஆற்றுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டாள். நான் வாளியைத் தொடவில்லை, துடுப்பு மட்டும் போட்டேன். அவற்றின் முதுகிலிருந்து பால் மாதிரி ஒரு பசை வந்து அவள் கையெல்லாம் ஒட்டி, விரல் வீங்கி, என்னைத் திட்டிக்கொண்டே இருந்தாள்.

"உங்க அப்பா வாக்குக் குடுப்பாரு, உங்க அக்கா படிச்சவங்க, நீ சாமி பாக்கற. கை வீங்கறது மட்டும் எனக்கா?"

அவற்றின் முதுகில் அவளுடைய நகப்பூச்சால் ஒரு பொட்டு வைத்தும் விட்டிருக்கிறாள். பச்சை நிறம். அவை திரும்பி வந்தால் தெரிய வேண்டும் என்றாள். இவ்வளவு அகலமான ஆற்றைத் தாண்டி எதுவும் வராது என்று சொன்னேன். குட்டையில் இப்போது ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லாத குட்டையை மூடினால் யாரையும் மூடியதாக ஆகாது, இல்லையா? நீயே சொல், நீ தர்க்கம் படித்தவள்.

மனன்சாரா

—

அந்தனனரிவோ
20 டிசம்பர்

மனன்சாரா,

தவளை தோலாலும் மூச்சு விடுகிறது. அதன் மேல் நகப்பூச்சு தடவக் கூடாது. மர்செலினிடம் சொல். அவள் கைக்கு வெந்நீரும் சோப்பும் போதும், கண்ணைக் கசக்க வேண்டாம் என்று சொல்.

குட்டையில் ஒன்றும் இல்லை என்று உனக்கு எப்படித் தெரியும்? வறண்ட மாதங்களில் அவை மண்ணுக்குள்ளும் சருகுக்குள்ளும் இருக்கும். நீங்கள் அள்ளியது கண்ணில் பட்டவற்றை மட்டும். உன் தர்க்கம் வாளியோடு நின்றுவிட்டது.

துடுப்புப் போட்டவனுக்கும் வாளி தூக்கியவளுக்கும் இடையில் அப்பா வித்தியாசம் பார்ப்பாரா என்று நீதான் யோசிக்க வேண்டும். நான் அதில் தலையிட முடியாது.

நோரோ எப்படி இருக்கிறாள்? ஒரு வரியாவது எழுது.

வோலமேனா

—

மரோவன்செத்ரா
11 ஜனவரி 1996

அக்கா,

திரும்பி வந்துவிட்டன.

முந்தாநாள் ஒரு சின்ன மழை. நேற்றுக் காலையில் மர்செலின் கத்தினாள். அடுப்படிப் படியில் ஒன்று உட்கார்ந்திருந்தது. முஷ்டி அளவு, பெட்டை, மிளகாய்ப்பழச் சிவப்பு. முதுகில் பாதி உரிந்த பச்சைப் பொட்டு. மர்செலின் என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். அது எங்கள் இருவரையும் பார்க்கவில்லை. நேராகக் குட்டைக்குப் போய்விட்டது. மாலைக்குள் பொட்டு வைத்தவை இன்னும் மூன்று. அவ்வளவு பெரிய ஆறு, அக்கா. எந்த வழியாக வந்தன, யார் சொல்லி வந்தன? வேறு தவளையாக இருக்கும் என்று எழுதாதே. மரோவன்செத்ராவில் நகப்பூச்சு போட்ட தவளை வேறு யார் வீட்டில் இருக்கும்?

நான் பயந்துவிட்டேன். மர்செலினும்தான், ஆனால் சொல்ல மாட்டாள்.

நேற்று மத்தியானமே நோரோவுக்கு வலிப்பு வந்தது. காய்ச்சல் தலைக்கு ஏறிவிட்டது என்றார்கள். இங்கே முடியாது, தமதாவே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள் என்றார்கள். நாளை விடிந்ததும் படகு. நாங்கள் மூன்று பேரும் போகிறோம். இந்தக் கடிதத்தை விமானத்தில் போகிறவர் கையில் கொடுக்கிறேன், உனக்கு நாளையே கிடைக்கும்.

வீடு காலி. சாவி இரண்டு வீடு தள்ளி லியோங் கடையில். லாரி ஓட்டும் எடுவாரிடம் பேசிவிட்டேன், மண்ணும் தயார். நீ வந்து பெசாராவோடு கிண்ணத்தைப் பிடித்து விலக்கை எடு. பிறகு எடுவாரிடம் கொட்டச் சொல். இரண்டே சொல். நான் செய்தால் அப்பாவின் வாக்கை உடைத்தவன் ஆவேன், என் பிள்ளை மருத்துவமனையில் கிடக்கும்போது அது என்னால் முடியாது. செய்யாமல் விட்டால் அவளைத் திரும்பி இதே தண்ணீருக்குப் பக்கத்தில் எப்படிப் படுக்க வைப்பேன்?

இதைத் தவிர உன்னிடம் நான் இதுவரை எதுவும் கேட்டதில்லை.

மனன்சாரா

—

தமதாவே
17 ஜனவரி

அக்கா,

நீ நம் வீட்டுக்கு வந்துவிட்டாய் என்று படகுக்காரர் சொன்னார். அவரிடமே இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

நோரோ கண் திறக்கவில்லை. ஊசி ஏற்றிக்கொண்டே இருக்கிறார்கள். மருத்துவர் நல்லவர், நம்மிடம் எதையும் மறைப்பதில்லை. இன்னும் இரண்டு நாளில் தெரியும் என்கிறார். மர்செலின் சாப்பிடுவதில்லை. பானையில் தீய்ந்த சோற்றில் அடிச்சோற்றுத் தண்ணீர் காய்ச்சிக் கொடுத்தால், வாயில் வைத்துவிட்டுக் கீழே வைத்துவிடுகிறாள்.

நம் ஊருக்குத் தொலைபேசி இப்போது வேலை செய்யவில்லையாம். எதுவானாலும் வானொலி நிலையத்தில் எழுதிக் கொடுத்துவிடுவேன். மத்தியான அறிவிப்பைக் கேள். தினமும் கேள்.

மூடிவிட்டாயா?

மனன்சாரா

—

மரோவன்செத்ரா
19 ஜனவரி

அன்புள்ள மனன்சாரா,

இன்று காலை கிண்ணத்தைப் பிடித்தேன். நீ கேட்டதற்காகப் பிடித்தேன் என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை.

குட்டைக் கரையில் பெசாரா சிவப்புக் கோலை ஊன்றிக்கொண்டு நின்றார். வாழையிலையில் சோறும் தேனும். சாராயக் கிண்ணத்தின் ஒரு பக்கம் என் கை, ஒரு பக்கம் அவர் கை. பேசு என்றார்.

"யாரும் கேக்கறாங்களான்னு தெரியாம எப்படிப் பேசறது?" என்றேன்.

"ரேடியோக்காரன் பேசறானே, அவனுக்குத் தெரியுமா யாரு கேக்கறான்னு? பேசும்மா. கை வலிக்குது."

பேசினேன். சொன்னதை அப்படியே எழுதுகிறேன், பிறகு நீ என்னைக் குறை சொல்லக் கூடாது. "அப்பா, நீங்க கேக்கறீங்களான்னு எனக்குத் தெரியாது. தவளைங்களுக்கு நீங்க குடுத்த வாக்கை உங்க மகன் திரும்பக் கேக்கறான். அவன் பொண்ணு கண்ணு தெறக்காம கெடக்கா. அதுக்காகத்தான் கேக்கறேன். வேற எதுக்கும் இல்ல."

பெசாரா காத்திருந்தார். "அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"உங்க அப்பா ஒரு கோழிக்கே மத்தியானம் வரைக்கும் பேசுவாரு." பிறகு அவர் தன் பங்குக்கு நீளமாகப் பேசி, சாராயத்தை மண்ணில் ஊற்றினார். மிச்சத்தைக் குடித்தார். "கட்டு போச்சு. நேத்து வரைக்கும் அதுங்களுக்கு உங்க அப்பா காவல். இனிமே யாரும் இல்ல. எடுவாரை வரச் சொல்லு."

எடுவாரிடம் ஆள் அனுப்பினேன். நாளை காலை லாரி வரும்.

மத்தியானம் அறிவிப்பில் உன் பெயர் வரவில்லை. அதன் பிறகு மழை பிடித்தது. வானம் இறங்கியே வந்துவிட்டது. நான் கூரைக்குக் கீழே உட்கார்ந்திருந்தேன். முதலில் ஒரே ஒரு குரல். ஓடத்தின் உட்புறத்தை யாரோ முட்டியால் தட்டுவது போல, அடித்தொண்டையில். கொஞ்சம் தள்ளி இன்னொன்று. பிறகு எண்ண முடியவில்லை. இரவில்தான் கத்தும் என்று புத்தகத்தில் இருக்கிறது. இவை அதைப் படிக்கவில்லை.

குடையை எடுத்துக்கொண்டு போனேன். குடை எதற்கும் உதவவில்லை, கரையிலேயே போட்டுவிட்டேன்.

அவை எங்கிருந்து வந்தன என்று சொல்கிறேன், ஏனென்றால் நான் பார்த்தேன். கிராம்பு காயவைக்கும் பாய்களுக்கு அடியிலிருந்து. வீட்டுக் கம்பங்களின் கால்களிலிருந்து. வெறும் மண்ணிலிருந்து, மண் தானே வாய் திறந்தது போல. ஆண் தவளைகள் சின்னவை, மஞ்சள் கலந்த நிறம், தண்ணீரில் மிதந்து கூப்பிட்டன. பெட்டைகள் கரையிலிருந்து இறங்கின. அந்தச் சிவப்பை எதனோடு ஒப்பிடுவது என்று தெரியாமல் நின்றேன். அந்தச் சாம்பல் மழைக்குள் அது ஒன்றுதான் நிறம். ஒன்று என் காலின் மேல் ஏறி, கொஞ்சம் நின்று, இறங்கிப் போனது. கனமாக இருந்தது. குளிர்ச்சியாக இருந்தது. நான் அங்கே இருப்பது அதற்கு ஒரு விஷயமே இல்லை. அந்த இடத்தில் ஒரு கல் இருந்திருந்தாலும் அப்படித்தான் ஏறி இறங்கியிருக்கும்.

வெளிச்சம் மங்குவதற்குள் தண்ணீரின் மேல் முட்டை பரவிவிட்டது. மிளகு தூவியது போல, ஒரே படலமாக, ஒவ்வொன்றும் பாதி கறுப்பு, பாதி வெள்ளை. மழைத்துளி விழும் இடத்தில் படலம் விலகி மறுபடி கூடிக்கொண்டது.

எத்தனையோ வருடம் வண்டுகளை ஊசியில் குத்தி வைத்து, அமைதியான அறையில் பார்த்திருக்கிறேன். இப்படி ஒரு காரியத்தின் நடுவில் நான் நின்றதில்லை. இந்தத் தீவு கடலில் தனியாகப் பிரிந்து வந்த காலத்திலிருந்து நடக்கும் ஏதோ ஒன்று, நம் துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில், என்னைக் கேட்காமல் நடந்துகொண்டிருந்தது. எனக்கு அழுகை வரவில்லை. நாக்கு வறண்டு போயிருந்தது, அவ்வளவு மழையிலும்.

இதை உன் மனதை மாற்ற எழுதவில்லை. கிண்ணத்தைப் பிடித்தபோதே உனக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன். காலையில் எடுவாரிடம் கொட்டச் சொல்வேன். ஆனால் எதை மூடினோம் என்று நம் இருவரில் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

பீப்பாய்களைக் கவிழ்த்துவிட்டேன். அவற்றில் கொசுப்புழு நெளிந்தது. குட்டையிலும் தேடினேன், கண்ணில் படவில்லை. அதனால் அங்கே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன்.

படகு நாளை மறுநாள்தான் கிளம்புகிறது. கடிதத்தை மூடவில்லை.

20 ஜனவரி

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

மழை விடவில்லை. காலையில் எடுவார் லாரியைக் கொல்லை வரை பின்னுக்குக் கொண்டுவந்தார். தவளைகளும் ஓயவில்லை. நாங்கள் கத்தித்தான் பேசினோம்.

"அக்கா, கொட்டவா?"

"மத்தியானம் வரைக்கும் பொறுங்க. ரேடியோ கேக்கணும்."

"ரேடியோல குட்டையப் பத்தியா சொல்லப் போறாங்க?"

"பொறுங்கன்னா பொறுங்க."

அவர் லாரிக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கிவிட்டார். ஏன் பொறுக்கச் சொன்னேன் என்று உனக்குச் சொல்கிறேன். செய்தி கெட்டதாக இருந்தால் முதல் கூடை மண்ணை நானே போடுவது என்று முடிவு செய்திருந்தேன். அதற்குத் தர்க்கம் எதுவும் கிடையாது.

மத்தியானம் அறிவிப்பு தொடங்கியது. வழக்கம் போல இறந்தவர்களின் பெயர்கள் முதலில். வானொலியை மடியில் வைத்துக்கொண்டு குனிந்திருந்தேன். தகரக் கூரையில் மழை, கொல்லையில் அவை. பெயர்கள் வருவதும் மூழ்குவதுமாக இருந்தன. பிறகு, "மரோவன்செத்ராவில் இருக்கும் வோலமேனாவுக்கு" என்றது. "மனன்சாராவின் மகள் நோரோ" என்றது. அந்த இடத்தில் குட்டை முழுவதும் ஒரே குரலாக எழும்பியது. காதைப் பெட்டியோடு ஒட்டி வைத்தேன். அடுத்து கேட்டது வேறு யாரோ ஒருவரின் பெயர்.

அந்த ஒரு நிமிடம் அவற்றில் ஒன்றுகூட உயிரோடு இருக்கக் கூடாது என்று நினைத்தேன். இதையும் எழுதிவிடுகிறேன்.

செருப்பில்லாமல் லியோங் கடைக்கு ஓடினேன். தெரு முழுக்க அவை இருந்தன. மிதிக்காமல் ஓடினேன் என்று சொல்ல முடியாது. நான் கீழே பார்க்கவில்லை. கடையில் லியோங்கின் மனைவி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன சொன்னான்? நோரோ பத்தி என்ன சொன்னான்?"

"ஏன் இப்படி ஓடியாறீங்க? கண்ணு தெறந்துட்டாளாம். கஞ்சி குடிச்சாளாம். அடுத்த சனிக்கிழமைப் படகுல வர்றாங்களாம். தெருவே கேட்டுச்சு."

"எனக்குக் கேக்கல."

"அந்தக் குட்டைகிட்ட உக்காந்தா எப்படிக் கேக்கும்? உக்காருங்க. முகம் வெளுத்துப் போச்சு."

உட்கார்ந்தேன். அவள் கொடுத்த சூடான அடிச்சோற்றுத் தண்ணீரைக் குடித்தேன். நேற்றைய கிண்ணத்துக்கும் இன்றைய செய்திக்கும் தொடர்பு இருக்கிறது என்று பெசாரா சொல்வார், நீயும் சொல்வாய். மருந்து வேலை செய்தது என்பதுதான் என் எண்ணம். இரண்டும் அடுத்தடுத்த நாளில் நடந்தன, அவ்வளவுதான்.

திரும்பி வந்தபோது எடுவார் எழுந்து குட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் தெற்கத்திக்காரர், இதெல்லாம் அவருக்கு ஒன்றுமில்லை. "இவ்வளவையும் மேல போட்டு மூடணுமா?" என்றார். பிறகு, "எனக்கென்ன. சொல்லுங்க, கொட்டிட்டுப் போறேன்."

"கிழக்கு மேட்டுல கொட்டுங்க" என்றேன்.

நம் நிலத்தில் கிழக்கு மேடு என் பங்கு. ஓய்வுக்குப் பிறகு அங்கே ஒரு அறை கட்டிக்கொள்ளலாம் என்று இருந்தேன். அந்த மண்ணை நிரவி நீ அங்கே வீடு கட்டு. உயரமான இடம், கடற்காற்று வரும். கொசுவுக்கு அது ஒரு தூரமே இல்லை என்று எனக்குத் தெரியும், ஆகவே வலையைக் கைவிடாதே. உன் பேச்சில் பாதியைத்தான் கேட்டேன். கட்டு இப்போது இல்லை, அதை நானே எடுத்துவிட்டேன். நீ வந்து குட்டையை மூடினால் அப்பாவும் கேட்க மாட்டார், நானும் தடுக்க மாட்டேன். இன்னொரு மழை வரும்வரை மட்டும் பொறு. கரையில் வந்து நில். பிறகு முடிவு செய்.

எடுவார் மூன்று நடை மண் கொட்டிவிட்டுப் போனார். சாயங்காலம் மழை விட்டது. குட்டையில் சத்தம் அடங்கிவிட்டது, பெரியவை எங்கே போயின என்று தெரியவில்லை. குனிந்து பார்த்தேன். முட்டைகளுக்குள் ஏதோ அசையத் தொடங்கியிருக்கிறது.

அக்கா,
வோலமேனா